படிவத்தில் ஒரு கட்டம் கூட்டினால் போதுமா?

கும்பகோணத்தில் சிறிய மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். தன் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

வயது 28. பொறியியல் படித்து, சென்னையில் சில வருடம் வேலை பார்த்து, கல்யாணத்துக்குப் பிறகு ஊர் திரும்பியவர். எட்டுப் பேர் உள்ள நிறுவனத்தில் நிரல் எழுதும் ஒரே பெண். மன்னார்குடிப் பக்கம் விவசாயிகளே உறுப்பினராகச் சேர்ந்து நடத்தும் ஓர் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்குச் செயலி செய்துகொண்டிருக்கிறார்கள். விதைநெல் வாங்குவது, நடவு இயந்திரமும் அறுவடை இயந்திரமும் வாடகைக்குப் பதிவு செய்வது, போட்ட உளுந்துக்குப் பணம் ஏறிவிட்டதா என்று பார்ப்பது எல்லாமே இனி அதில்தான். உறுப்பினராகச் சேர ஐந்து கட்டாயக் கேள்விகள்: பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், பாலினம் (ஆண், பெண்), பட்டா எண், கைபேசி எண்.

சோதனைக்காக ஒரு கிராமத்துக்குப் போனபோது, தாயாருடன் சேர்ந்து குத்தகை நிலத்தில் சாகுபடி செய்யும் திருநங்கை ஒருவர் வந்திருக்கிறார். நிலத்துக்காரரின் பட்டா எண்ணையும் எழுதி வாங்கி வந்திருந்தாராம். களப்பணியாளர் அவரை ஒரு வார்த்தை கேட்காமல் 'ஆண்' என்று தட்டிவிட்டார். அடுத்த நொடி கைபேசிக்குச் செய்தி வந்தது: 'வணக்கம் ஐயா, தங்கள் பதிவு ஏற்கப்பட்டது.' "அவங்க ஒண்ணும் சொல்லலை. போனை ஒரு தடவை பாத்தாங்க, எந்திரிச்சுப் போயிட்டாங்க" என்கிறார் வாசகி. அதே நாளில் பெண்கள் பலர் வீட்டுக்காரர் எண்ணைக் கொடுக்க, 'இந்த எண் ஏற்கெனவே பதிவாகியுள்ளது' என்று சிவப்பு எழுத்தில் வந்து நின்றுவிட்டது. எப்படியோ முன்பதிவுப் பக்கம் வரை போன ஓர் அம்மா, "தப்பா அமுக்கிட்டா காசு போயிடுமா பாப்பா?" என்று கேட்டுவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

'மற்றவை' என்று மூன்றாவதாக ஒன்றைப் போட்டால் முடிந்தது என்கிறார் முதலாளி. அதை அழுத்துபவர்களிடம் சான்றிதழ் வாங்க வேண்டும் என்கிறார் உழவர் நிறுவனத்தின் இயக்குநர். வாசகிக்கோ பாலினக் கேள்வியையே எடுத்துவிடலாம், பெண்களுக்குத் தனியாக எளிய செயலி ஒன்று செய்யலாம் என்று யோசனை. சட்டம் என்ன சொல்கிறது, எது சரியான வழி, அழுத்திச் சொன்னால் வேலைக்கு ஆபத்து வருமா என்று கேட்டிருக்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

நான் வழக்கறிஞர். மென்பொருள் நிறுவனங்களுக்குத் தரவுச் சட்டம் பற்றி ஆலோசனை சொல்வது என் தொழில். அதனால் சட்டத்தையும் செயலியின் அமைப்பையும் சேர்த்தே பேசுகிறேன்.

அன்றைக்கு நடந்ததைத் தனித்தனிச் சிக்கல்களாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் படுகிறது. செயலியைத் திட்டமிட்டவர்கள் மனதில் ஒரு விவசாயி இருந்திருக்கிறார். அவர் பெயரில் பட்டா இருக்கிறது, சட்டைப் பையில் அவருக்கென்று ஒரு போன் இருக்கிறது, 'ஐயா' என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார். அவருக்கு உங்கள் செயலி நன்றாகவே வேலை செய்யும். அவர் இல்லாத எல்லோருக்கும் ஏதாவது ஒரு கேள்வியில் வழி அடைபடுகிறது. இது ஒரு கட்டத்தைக் கூட்டித் தீர்க்கிற விஷயம் இல்லை. ஐந்து கேள்விகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, இந்தப் பதிலை வைத்துச் செயலி என்ன செய்யப் போகிறது, இதற்குப் பதில் இல்லாதவர் என்ன ஆவார் என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

'மற்றவை' என்று போட்டால் போதுமா?

போதாது. 2014 ஏப்ரல் 15 அன்று நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு) தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: ஆணா, பெண்ணா, மூன்றாம் பாலினமா என்று தன்னை அடையாளப்படுத்திக்கொள்ளும் உரிமை அந்த நபருக்கே உண்டு. களப்பணியாளர் தானாக 'ஆண்' என்று தட்டியது தவறு என்பதில் உங்களுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் திருநங்கை என்றாலே மூன்றாவது கட்டத்துக்குத்தான் போக வேண்டும் என்று செயலி தீர்மானிப்பதும் அதே மாதிரியான தவறுதான். தன்னைப் பெண் என்றே பதிய விரும்பும் திருநங்கைகள் நிறையப் பேர் உண்டு. அவர் 'பெண்' என்று தொட்டால் செயலி அதை அப்படியே ஏற்க வேண்டும், மறுகேள்வி கூடாது.

என் யோசனை: பெண், ஆண், திருநங்கை, திருநம்பி, 'நானே எழுதுகிறேன்', 'சொல்ல விரும்பவில்லை' என்று ஆறு தெரிவுகள் வையுங்கள். 2008-லேயே திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்த மாநிலம் நம்முடையது. இங்கே எழுதப்படும் செயலியில் அவர்களை 'மற்றவை' என்று ஒதுக்க எந்தக் காரணமும் இல்லை. தெரிவைத் தொடுவதும் உறுப்பினராகவே இருக்கட்டும். களப்பணியாளர் திண்ணையில் பத்துப் பேர் நடுவில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கேள்வியைச் சத்தமாகப் படித்தால், நீங்கள் எத்தனை தெரிவு வைத்தும் பயனில்லை.

'ஐயா' என்ற செய்தியை இன்றைக்கே நிறுத்தலாம். முன்னிலையில் பேசும்போது தமிழுக்குப் பால் வேறுபாடே தேவையில்லை. 'வணக்கம், உங்கள் பதிவு முடிந்தது' என்றால் யாருக்கும் பொருந்தும். வாழ்த்துச் செய்திக்குப் பாலினத் தகவலே வேண்டாம்.

தரவுத்தளத்தில் எம், எஃப் என்ற இரண்டு எழுத்துக்குத்தான் இடம் என்று உங்கள் முதலாளி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். ஐஎஸ்ஓ 5218 என்ற பழைய பன்னாட்டுத் தரத்தில்கூட 1 ஆண், 2 பெண் என்பதோடு 'தெரியாது' என்பதற்கு 0, 'பொருந்தாது' என்பதற்கு 9 என்று நான்கு குறியீடுகள் இருக்கின்றன. இன்றைய தேவைக்கு அதுவும் பற்றாது. ஆதாரிலும் பான் அட்டையிலும் திருநர் (திருநங்கை, திருநம்பி எல்லோரையும் சேர்த்துச் சொல்லும் சொல்) என்ற தெரிவு வந்துவிட்டது. உறுப்பினர் சொன்னதை அப்படியே சேமித்து வையுங்கள். வெளி அமைப்பு ஒன்று வேறு குறியீடு கேட்டால், அனுப்பும் இடத்தில் மட்டும் மாற்றிக் கொடுங்கள்.

படிவத்தில் ஓர் இடம் இல்லாமல் போவது சின்ன விஷயம் இல்லை. காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்கு விண்ணப்பித்த பிரித்திகா யாஷினி, விண்ணப்பத்தில் மூன்றாம் பாலினத்துக்கு இடம் இல்லாததால்தான் சென்னை உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2015-ல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது.

ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். தனியார் நிறுவனத்துக்கு இதெல்லாம் பொருந்தாது என்று நினைக்க வேண்டாம். 2019-ல் வந்த திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் 3-வது பிரிவு, பொதுமக்களுக்குக் கிடைக்கும் சேவைகளைத் திருநருக்கு மறுப்பதையும் அதில் பாகுபாடு காட்டுவதையும் தடை செய்கிறது. அது தனியாருக்கும் சேர்த்துத்தான். அதே சமயம், படிவத்தில் ஒரு தெரிவு இல்லை என்பதற்காக யாரையும் சிறையில் போடும் பிரிவு அந்தச் சட்டத்தில் இல்லை. முதலாளியிடம் 'கேஸ் ஆகிவிடும்' என்று மிரட்டிப் பேசினால், அவர் வேறு வக்கீலைக் கேட்டுவிட்டு வந்து உங்கள் மற்ற வாதங்களையும் சேர்த்துத் தள்ளிவிடுவார்.

கேள்வியையே எடுத்துவிடலாமா?

உங்கள் நல்ல மனது புரிகிறது. ஆனால் இங்கே நான் உங்களோடு உடன்படவில்லை. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டில் சாகுபடி நிலத்தைத் தங்கள் பொறுப்பில் வைத்திருப்பவர்களில் பெண்கள் ஏறக்குறைய 14 சதவீதம்தான். நாற்றங்காலில் தொடங்கி நடவு, களை, அறுப்பு என்று வயலில் இறங்கி நிற்பவர்களைப் பார்த்த யாருக்கும் அந்த எண் உறுத்தும். எண்ணியதால்தான் அது வெளியே தெரிந்தது. உங்கள் செயலியில் கேள்வி இல்லாவிட்டால், கடன் தள்ளுபடியோ இயந்திர வாடகைச் சலுகையோ யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்று நாளைக்கு யாராலும் பார்க்க முடியாது.

எனவே கேள்வி இருக்கட்டும், கட்டாயம் வேண்டாம். பதிவு முடிந்த பிறகு தனிப் பக்கத்தில், எதற்காகக் கேட்கிறோம் என்று ஒரு வரி சொல்லிவிட்டுக் கேளுங்கள். இன்னொன்று: கிராமவாரி அறிக்கையில் 'திருநங்கை: 1' என்று அச்சாகிறது என்று வையுங்கள். அந்த ஊரில் அந்த எண்ணே அவர் பெயராகிவிடும். அது வாட்ஸ்அப் குழுவுக்கும் போகும். சிறிய எண்ணிக்கைகளைக் கிராம அளவில் காட்டாமல், நிறுவனம் முழுமைக்குமான மொத்தத்தில் மட்டும் காட்டுங்கள்.

சான்றிதழ் கேட்கலாமா?

வேண்டாம். மாவட்ட ஆட்சியர் வழங்கும் அடையாளச் சான்று அரசு ஆவணங்களை மாற்றுவதற்கும் நலத்திட்டங்களுக்கும் பயன்படுவது. நடவு இயந்திரம் வாடகைக்கு எடுக்க அது எதற்கு? பெண் என்று பதிபவரிடம் யாரும் அத்தாட்சி கேட்பதில்லையே. 2023-ல் இயற்றப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சொன்ன நோக்கத்துக்குத் தேவையான அளவு தரவை மட்டுமே ஒப்புதல் பெற்று வாங்கலாம் என்கிறது. 2025 நவம்பரில் விதிகள் வந்துவிட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் உண்டு. போலி வந்துவிடுமோ என்று இயக்குநர் பயப்பட்டால், அதற்கு வங்கிக் கணக்குச் சரிபார்ப்பே போதும் என்று சொல்லுங்கள். தேவையில்லாத சான்றிதழ் நகல்களை வாங்கிக் குவித்து, அவை வெளியே கசிந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியது அவர் நிறுவனம்தான்.

பெயருக்கும் இதே கணக்கு. வங்கியில் ஒரு பெயரும் ஊரில் கூப்பிடும் பெயர் வேறுமாக இருக்கலாம். இரண்டுக்கும் தனித்தனி இடம் வையுங்கள். வங்கிப் பெயர் பணம் அனுப்பும் பகுதிக்கு மட்டும் தெரிந்தால் போதும், ரசீதிலும் செய்தியிலும் அவர் கொடுத்த பெயர் வரட்டும். பெயர் மாற்றினால் கணக்கை அழித்துப் புதிதாகத் தொடங்கச் சொல்லாதீர்கள், வரவு செலவு வரலாறு போய்விடும். உறுப்பினர் எண்ணை அடிப்படையாக வைத்தால் பெயர், பாலினம், போன் எதை மாற்றினாலும் கணக்கு அப்படியே நிற்கும்.

பட்டா, தகப்பன் பெயர், போன்

உங்கள் கடிதத்தில் நீங்கள் கேள்வியே கேட்காத இடம் இது. என் பார்வையில் அதிகம் பேரை வெளியே நிறுத்துவது இதுதான்.

பட்டா இருந்தால்தான் உறுப்பினர் என்று சட்டத்தில் இருப்பதாக எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. உற்பத்தியாளர் நிறுவனங்களைப் பற்றி 2013 கம்பெனிகள் சட்டத்தில், 2020 திருத்தத்தின் மூலம் ஒரு தனி அத்தியாயம் சேர்க்கப்பட்டது. விளைபொருள் தொடர்பான எந்தச் செயலிலும் ஈடுபடுபவர் உற்பத்தியாளர் என்பதே அதன் வரையறை. நிலம் சொந்தமாக இருக்க வேண்டும் என்று அது சொல்லவில்லை. குத்தகைக்குச் செய்பவரும், கணவர் பெயரில் உள்ள நிலத்தில் தானே நின்று சாகுபடி பார்க்கும் பெண்ணும் அந்த வரையறைக்குள் வருகிறார்கள். அந்த நிறுவனம் தன் சங்க விதிகளில் (தன்னை நடத்த அது தானே எழுதிப் பதிவு செய்த விதிகள்) கூடுதல் நிபந்தனை வைத்திருக்கலாம், அதை வாங்கிப் பாருங்கள். விதியில் இல்லாத நிபந்தனையைச் செயலி தானாக வைத்திருந்தால், உங்கள் நிரலில் ஒரு வரியை நீக்கினாலே கதவு திறந்துவிடும். பட்டா எண்ணுக்குப் பதிலாக 'சொந்த நிலம், கூட்டுப் பட்டா, குத்தகை, குடும்ப நிலம்' என்று தெரிவு கொடுங்கள்.

டெல்டாவில் பெண் பெயரில் நிலமே இருக்காது என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். காந்தியவாதி கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவரும் 1981-ல் தொடங்கிய லாஃப்டி (உழுபவர் நில விடுதலை) இயக்கம், நிலமில்லாத தலித் குடும்பங்களுக்குப் பெற்றுத் தந்த நிலங்களைப் பெண்கள் பெயரிலேயே பதிவு செய்தது. உங்கள் வாடிக்கையாளரின் சுற்றுவட்டாரத்திலும் அப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள். அந்த அம்மாக்களிடம் 'கணவர் பெயர்' என்ற கட்டாயக் கேள்வி எதைத் தேடுகிறது? கணவரை இழந்தவர், பிரிந்து வாழ்பவர், திருமணமே செய்யாதவர், தகப்பன் வீட்டிலிருந்து விரட்டப்பட்ட திருநங்கை எல்லோருக்கும் அந்தக் கட்டம் ஒரு வலி. ஒரே பெயரில் இருவர் வந்தால் பிரித்தறியத் தெருவோ உறுப்பினர் எண்ணோ போதும். அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள்.

போன் விஷயம் இன்னும் கவனம் கேட்கிறது. ஒரு எண்ணுக்கு ஒரு உறுப்பினர் என்ற விதியால், வீட்டில் முதலில் பதிந்தவர் உள்ளே, அடுத்தவர் வெளியே. பெரும்பாலும் முதலில் பதிபவர் கணவர். ஒரே எண்ணில் பல உறுப்பினர்கள் சேர வழி செய்யுங்கள். ஒவ்வொருவருக்கும் தனியாக நான்கு இலக்க ரகசிய எண் இருக்கட்டும். பணம் ஏறிய செய்தி யார் கையில் இருக்கும் போனுக்குப் போகிறது என்றும் யோசியுங்கள். தொகையைக் காட்டாமல் 'உங்கள் கணக்கில் ஒரு வரவு' என்று மட்டும் அனுப்பும் தெரிவு பல பெண்களுக்கு வேண்டியிருக்கும். போன் எண்ணை மாற்ற வேண்டுமென்றால் பழைய எண்ணுக்கு ஓடிபி போகக் கூடாது. பிரிந்து வந்த பெண், கணவர் தயவில் ஓடிபி வாங்கித்தான் தன் கணக்கைத் திறக்க வேண்டும் என்ற நிலை வந்துவிடும். அலுவலகத்தில் நேரில் வந்து மாற்ற ஒரு வழி வையுங்கள்.

பெண்களுக்குத் தனிச் செயலி?

இதைக் கைவிடச் சொல்கிறேன். தனிச் செயலி என்றால் பராமரிப்பு இரண்டு மடங்கு. ஆறு மாதத்தில் அதைப் புதுப்பிக்க ஆள் இருக்காது, புதிய வசதிகள் எல்லாம் 'உண்மையான' செயலிக்கே போகும். தவிர, திருநங்கைகளை எந்தச் செயலியில் சேர்ப்பீர்கள்?

அந்த அம்மா போனைத் திருப்பிக் கொடுத்ததற்குக் காரணம் அவர் பெண் என்பது அல்ல, பயம். அமெரிக்காவில் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் மார்கரெட் பர்னெட் குழுவினர் ஜெண்டர்மேக் என்ற ஆய்வு முறையை உருவாக்கியிருக்கிறார்கள். மென்பொருளை ஒருவர் எதற்காகப் பயன்படுத்துகிறார், கணினி விஷயத்தில் அவருக்கு எவ்வளவு தன்னம்பிக்கை, ஆபத்தை எப்படிப் பார்க்கிறார், தகவலை முழுக்கப் படித்துவிட்டு நகர்கிறாரா அல்லது கிடைத்ததும் பாய்கிறாரா, புதியதை முறையாகக் கற்கிறாரா அல்லது தட்டித் தட்டிப் பார்க்கிறாரா என்று ஐந்து கோணங்களில் ஒவ்வொரு திரையையும் சோதிக்கிறது அந்த முறை. இந்தப் பழக்கங்கள் ஆண் பெண் இருபாலரிடமும் உண்டு. ஆனால் பல மென்பொருள்கள் ஒரு முனையில் இருப்பவர்களுக்கு மட்டும் சௌகரியமாக அமைந்துவிடுகின்றன, அதனால் பாதிக்கப்படுவோரில் பெண்கள் அதிகம் என்பது அவர்கள் கண்டது. இதற்காக அபி, பேட், டிம் என்று மூன்று கற்பனைப் பயனர்களை வைத்திருக்கிறார்கள். டிம் எதையும் தட்டிப் பார்ப்பவர். அபி, முடிவு தெரியாமல் பொத்தானைத் தொடமாட்டார்.

உங்கள் முன்பதிவுப் பக்கத்தை அபியின் கண்ணோடு பாருங்கள். பொத்தானை அழுத்தும் முன்பே வாடகை எவ்வளவு, எப்போது பிடிக்கப்படும் என்று தெரிகிறதா? 'இப்போது பணம் எதுவும் பிடிக்கப்படாது' என்ற ஒரு வரி இருக்கிறதா? எது வரை ரத்து செய்யலாம் என்று போட்டிருக்கிறதா? பின்னால் போனால் நிரப்பியதெல்லாம் அழிகிறதா? இவற்றைச் சரி செய்தால் அந்த அம்மாவுக்கு மட்டுமில்லை, முதன்முதலாக ஸ்மார்ட்போன் வாங்கிய வயதான விவசாயிக்கும் அதே நிம்மதி. எல்லோருக்கும் ஒரே செயலி, அதில் பயந்தவருக்கும் துணிந்தவருக்கும் வழி இருக்க வேண்டும்.

முதலாளியிடம் எப்படிப் பேசுவது?

உங்கள் வேலை பற்றிய பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நீங்கள் இந்த விஷயத்தைப் பேசினீர்கள் என்பதற்காக உங்களைக் காப்பாற்றும் தனிச் சட்டம் எதுவும் இல்லை. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-வது பிரிவின்படி, தொடர்ந்து 6 மாதமாவது வேலை பார்த்தவரை நியாயமான காரணமும் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கான சம்பளமோ இல்லாமல் நீக்க முடியாது. அந்த அளவு பாதுகாப்பு உண்டு. ஆனால் விஷயத்தை அங்கே வரை கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லை என்று நினைக்கிறேன்.

புகாராக எழுதாதீர்கள். 'சோதனையில் கண்ட குறைகள்' என்று இரண்டு பக்கக் குறிப்பாக எழுதுங்கள். எந்தத் திரையில் யார் நின்றுபோனார், காரணம் என்ன, சரி செய்ய எத்தனை மணி நேர வேலை என்று போடுங்கள். ஒரே எண்ணில் பலர், கட்டாயமில்லாத பட்டா, 'ஐயா' இல்லாத செய்தி என்று முதலாளிக்கு உடனே புரிகிறவற்றை முன்னால் வையுங்கள். உறுப்பினர் எண்ணிக்கை கூடினால் உங்கள் வாடிக்கையாளருக்கு லாபம். தரவு ஏறிய பிறகு அமைப்பை மாற்றுவதைவிட இப்போது மாற்றுவது மலிவு. இவை இரண்டும் அவருக்கு நன்றாகக் கேட்கும். உழவர் நிறுவனத்தில் பெண் இயக்குநர் யாராவது இருந்தால், அடுத்த சோதனைக்கு அவரை உடன் அழைத்துப் போங்கள்.

அந்தத் திருநங்கையைத் திரும்பக் கூப்பிடலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். கூப்பிடுங்கள், ஆனால் மாற்றத்தைச் செய்துவிட்டு. அதற்கு முன்பே, அவர் பெயரில் ஏறிய அந்தத் தவறான பதிவை அவரைக் கேட்டுத் திருத்துங்கள். சேர விருப்பமில்லை என்றால் நீக்கிவிடுங்கள். திருத்தவும் அழிக்கவும் கேட்கும் உரிமையை மேலே சொன்ன தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவருக்குத் தருகிறது. சோதனைக்கு உதவ அவர் சம்மதித்தால், அன்றைய கூலிக்குக் குறையாத தொகையை நிறுவனம் தர வேண்டும் என்று உங்கள் குறிப்பிலேயே எழுதுங்கள். உடன் வந்த மற்ற பெண்களுக்கும் அப்படியே.

சங்க விதிகளின் நகல் கைக்கு வந்ததும், உறுப்பினர் தகுதி பற்றிய பகுதியை மட்டும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். பட்டா பற்றி அதில் என்ன இருக்கிறது என்று பார்த்து, இயக்குநரிடம் காட்டுவதற்கு ஒரு பக்க விளக்கம் எழுதித் தருகிறேன்.